தத்தெடுத்த பிள்ளையின் துக்கமும் ஒட்டுதலும் அடையாளமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு 14 மாதம். இப்போது 14 வயது. இந்த மாவட்டத்தில் தத்தெடுத்த சில குடும்பங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுவார்கள், நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருப்போம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவரோ மனநல ஆலோசகரோ இல்லை. ஒரு தாயாக, படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் மகள் 3 மாதக் குழந்தையாக வந்தாள். ஒன்றும் நினைவிருக்காத பிள்ளைக்கு என்ன துக்கம் இருக்கும்?

நினைவு இருக்காது, சரி. அதற்காக இழப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தன் தாயின் குரலையும் மணத்தையும் மற்றவர்களிடமிருந்து பிரித்து அறிகிறது. வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அது. அந்தக் குரல் ஒருநாள் நின்றுபோகிறது. அப்புறம் குழந்தைகள் இல்லத்தில் பார்த்துக்கொண்ட ஆயாவின் குரல் வருகிறது. அதுவும் ஒருநாள் நின்றுபோகிறது. நம் வீட்டுக்கு வந்த நாளை நாம் கேக் வெட்டிக் கொண்டாடுகிறோம். குழந்தைக்கு அது இரண்டாவது பிரிவு.

இது முதல் கட்டம். அடுத்தது 6, 7 வயதில் வரும், அறிவு வளர வளர. "நான் உங்களுக்குக் கிடைத்தேன் என்றால், வேறு யாரோ என்னை விட்டிருக்க வேண்டுமே" என்ற கணக்கு அந்த வயதில்தான் பிள்ளைக்குப் புரிகிறது. அதுவரை சிரித்துக்கொண்டே "நான் தத்துப்பிள்ளை" என்று சொன்ன குழந்தை திடீரென்று அந்தப் பேச்சே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இந்தத் துக்கத்தை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க நான் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் உள்ள பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். இறந்துவிட்டார் என்று அழுது முடிக்கவும் முடியாது, வருவார் என்று காத்திருக்கவும் முடியாது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் இத்தகைய துக்கத்துக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். நம் பிள்ளைகளின் துக்கமும் அந்த வகைதான். பெற்றவள் எங்கேயோ இருக்கிறாள், அல்லது இல்லை. முகம் தெரியாது, ஊர் தெரியாது, அழுவதற்கு ஒரு கல்லறைகூட இல்லை.

என் மகளுக்கு அப்போது 8 வயது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மாமனாரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். காற்றில் அணைந்து அணைந்து போனதால் அவள் இரண்டு கையாலும் சுடரை மறைத்துப் பிடித்திருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அம்மா, என்னப் பெத்த அம்மைக்கு எங்க கொண்டு வைக்கணும்?" "அவங்க உயிரோட இருக்கலாம் மக்ளே" என்றேன். "இல்லைன்னா?" மெழுகு உருகி அவள் விரலில் விழுந்தது. கையை எடுக்கவில்லை. "தெரியல மக்ளே" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

'அதெல்லாம் நினைக்காதே' என்று அன்று நான் சொல்லியிருந்தால், அதற்கப்புறம் அவள் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டாள். எங்கள் கூட்டத்துக்கு வரும் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன்: நீங்கள் எவ்வளவு பாசம் கொட்டினாலும் அந்தத் துக்கம் போகாது. போக வைப்பது உங்கள் வேலையும் அல்ல. அதற்கு வீட்டுக்குள் உட்கார ஓர் இடம் கொடுங்கள்.

எந்த வயதில் சொல்ல வேண்டும்? என்ன வார்த்தைகளில்?

வந்த நாளிலிருந்தே. பேச்சுப் புரியாத குழந்தையிடம் சொல்லிப் பழகுவது நமக்குத்தான் ஒத்திகை. 'சொன்ன நாள்' என்று ஒரு நாள் பிள்ளையின் நினைவில் தங்கினால், மிகத் தாமதமாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் யாரோ ஒரு தூரத்து உறவு சொல்லித் தெரிந்துகொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். தத்து என்ற செய்தியைவிட, ஊருக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லை என்பதுதான் அவர்களை உடைக்கிறது.

சொல்லும்போது சில வாக்கியங்களைத் தவிர்த்துவிடுங்கள். "உன்மேல ரொம்பப் பாசம், அதனாலதான் எங்ககிட்ட தந்தாங்க" என்று சொன்னால், பாசம் இருப்பவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். நாம் பாசம் காட்டும்போதெல்லாம் அதற்கு உள்ளூர பயம் வரும். "சாமி எங்களுக்காகவே உன்னைத் தந்தார்" என்பதும் அப்படித்தான். நமக்குத் தருவதற்காக இன்னொருத்தியிடமிருந்து பறித்த சாமியா என்று ஒரு பையன் தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். "உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்றால், சரியில்லை என்று திருப்பியும் கொடுக்கலாமோ என்று தோன்றும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "நீ வேறொரு அம்மாவின் வயிற்றில் இருந்து பிறந்தாய். எந்தக் குழந்தையையும் வளர்க்க முடியாத நிலையில் அவர்கள் இருந்தார்கள். நீ செய்த தப்பு எதுவும் இல்லை. இப்போதும் எப்போதும் நாங்கள்தான் உன் அப்பா அம்மா." இதில் 'எந்தக் குழந்தையையும்' என்ற சொல் முக்கியம். குறை தன்னிடம்தான் என்று நினைக்காத தத்துப்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

தெரியாததைக் கற்பனையாகச் சேர்க்க வேண்டாம். ஏழை, விபத்து, காதல் என்று நீங்கள் கட்டிய கதை ஒருநாள் தத்தெடுப்புக் கோப்பைப் பிள்ளை படிக்கும்போது உடைந்துவிடும். கதையோடு உங்கள்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

6 வயதுப் பையன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. யார் வந்தாலும் மடியில் போய் உட்காருகிறான். எங்களிடம் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறான். பழத்தைத் திருடி ஒளித்துவைக்கிறான். என்ன செய்வது?

திருட்டு என்ற சொல்லை முதலில் விடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு வீட்டில் இதே கதை. தலையணை உறையை மாற்றப் போனவர் கையில் ஏத்தன்பழம் ஒன்று கறுத்து, கூழாகி, எறும்போடு வந்தது. அடுத்த நாள் பள்ளிப்பையில் அரைச் சப்பாத்தி. நாளைக்குச் சாப்பாடு உண்டா என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு அது சேமிப்பு. அந்த அம்மா செய்தது நல்ல காரியம்: அவன் பெயர் எழுதிய ஒரு டப்பாவில் பழமும் பிஸ்கட்டும் போட்டு, கட்டில் பக்கத்தில் வைத்தார். கேட்காமலே எடுக்கலாம், இரவிலும் எடுக்கலாம், தீர்ந்தால் அம்மா நிரப்பிவிடுவார். முதல் வாரம் டப்பா தினமும் காலி. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஒருநாள் பார்த்தால் பிஸ்கட் நமத்துப்போய்க் கிடந்தது. அதைப் பார்த்து அவர் அழுததை எங்களிடம் சொன்னார்.

எல்லோர் மடியிலும் உட்காருவதை 'நல்லா பழகுறான்' என்று உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். ஆளாளாகப் பார்த்துக்கொண்ட இடத்திலிருந்து வந்த பிள்ளைக்கு, வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றுதான். ஒருவரை மட்டும் நம்பினால் அவர் போய்விடுவார் என்பது அதன் அனுபவம். ஒட்டுதல் பற்றி முதலில் விரிவாக எழுதிய பிரிட்டன் மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதன் சாரம் இதுதான்: பிள்ளை அழும்போது அதே ஆள், அதே விதமாக, திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்படி வந்துகொண்டே இருந்தால் நம்பிக்கை ஊறும்.

அதனால் முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உறங்க வைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும். அம்மாச்சி வருத்தப்படுவார். சமாளியுங்கள். "கொஞ்ச நாள் நீங்க பக்கத்துல உக்காந்து பேசுங்க, எடுக்க மட்டும் வேண்டாம்" என்று பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வரவேற்பு விருந்து, ஊர்ப் பந்தல், கோயில் கொடை, கோவில் திருவிழா எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அடுத்த வருடம் போகலாம். இல்லத்திலிருந்து போட்டுவந்த சட்டையைத் துவைத்துவிடாதீர்கள். அந்த மணம் கொஞ்ச நாள் தலைமாட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று. தத்தெடுப்பு இப்போது மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளம் வழியே நடப்பதால், வேறு மாநிலத்துப் பிள்ளை நம் வீட்டுக்கு வரலாம். அப்படியென்றால் அது தாயை இழந்ததோடு மொழியையும் இழக்கிறது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் நமக்கு அமிர்தம். ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளைக்குக் குமட்டும். அதன் மொழியில் பசிக்கு, தண்ணீருக்கு, வலிக்கு, பயத்துக்கு என்ன சொல் என்று வரும் முன்பே படித்துவையுங்கள். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் சம்மதம் கேட்டுத்தான் தருகிறார்கள். ஆனாலும் 'சரி' என்று சொன்ன பிள்ளைக்கு, அந்தச் சொல்லால் எதையெல்லாம் விட்டுவர வேண்டும் என்று தெரிந்திருக்காது.

முதல் 2 வருடம் 6 மாதத்துக்கு ஒருமுறை தத்தெடுப்பு முகமையிலிருந்து பிள்ளையைப் பார்க்க வருவார்கள். குறை கண்டுபிடிக்க வருகிறார்கள் என்று பயந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நடிக்க வேண்டாம். அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

"பிள்ளை யாருக்க ஜாடை?" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். "பெரிய புண்ணியம் செஞ்சிருக்கீங்க" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் கேட்டவருக்கு இல்லை, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஜாடை கேட்டால், "அவளுக்க ஜாடை அவளுக்குத்தான், அழகா இருக்கா இல்லியா?" போதும். புண்ணியம் என்ற பேச்சை மட்டும் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். "புண்ணியம் ஒண்ணும் இல்லை, எங்களுக்குப் பிள்ளை வேணும்னு ஆசை, அதனால எடுத்தோம்." காரணம் இருக்கிறது. புண்ணியம் என்றால் பிள்ளை கடன்காரன் ஆகிவிடும். சண்டை போட, மார்க் குறைய, கோபப்பட அதற்கு உரிமை இல்லை என்று தோன்றிவிடும். நன்றியோடு இருக்க வேண்டும் என்ற பாரத்தைச் சுமந்துகொண்டு துக்கப்படவும் முடியாது.

ரத்தம், வாரிசு என்று பேசும் பெரியவர்களிடம் நான் நாஞ்சில் நாட்டுக் கதையைச் சொல்வது உண்டு. 100 வருடத்துக்கு முன்புவரை இங்கே சில சமூகங்களில் மருமக்கள் வழி இருந்தது. சொத்து பெற்ற மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. யார் வாரிசு என்பது மனிதர்கள் வைத்த ஏற்பாடுதான். பிறகு மாற்றினார்கள்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா?

வகுப்பு ஆசிரியரிடம் மட்டும், பிள்ளையிடம் கேட்டுவிட்டு. குடும்ப மரம் வரைந்து வா, பிறந்த குழந்தையாக இருந்த படம் கொண்டு வா என்பது போன்ற வீட்டுப்பாடம் வரும்போது முன்கூட்டியே தெரிந்தால் உதவியாக இருக்கும். என் மகள் மரத்துக்குக் கீழே வேர் ஒன்றைத் தனியாக வரைந்து, அதில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். ஆசிரியை அதைத் திருத்தாமல் விட்டார். அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

13 வயது மகள், சண்டை வந்தால் "நீங்க எனக்க அம்மா இல்லை" என்கிறாள். உயிரே போகிறது.

போகத்தான் செய்யும். எனக்கும் போனது. செல்போனை வாங்கி வைத்ததற்காக ஒருநாள் கத்தினாள். நான் சமையலறைக்குப் போய்த் தேங்காய் துருவிக்கொண்டே அழுதேன். பிறகு அவள் அறை வாசலில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன்: "உன்னைப் பெத்தது நான் இல்லை, அது உண்மை. அம்மா நான்தான், அதுவும் உண்மை. போன் நாளைக்குத்தான் கிடைக்கும்."

அவள் கேட்பது வேறு கேள்வி. இவ்வளவு மோசமாகப் பேசினாலும் நீ போகாமல் இருப்பாயா என்று சோதிக்கிறாள். அதனால் இரண்டைச் செய்யாதீர்கள். "இதுக்குத்தானா உன்ன எடுத்து வளர்த்தோம்" என்று ஒருநாளும் வாயில் வரக்கூடாது. "இப்படிப் பண்ணினா ஹாஸ்டல்ல விட்டுருவேன்" என்பதும் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு அது வெறும் மிரட்டல். ஒருமுறை விடப்பட்ட பிள்ளைக்கு, நடக்கக்கூடிய காரியம்.

வளர்ந்த பிறகு "நான் யார், என்ன சாதி, எந்த ஊர்" என்று கேட்கிறான். எங்களுக்கே தெரியாது.

தெரியாது என்பதை அவனோடு சேர்ந்து தாங்குங்கள். நம் மாவட்டத்தில் பெயர் கேட்ட அடுத்த நிமிடம் வீட்டுப் பெயர், சபை, கோயில் என்று சுற்றி வளைத்துச் சாதிக்கு வந்துவிடுவார்கள். பதில் சொல்ல அவனுக்குக் கடமை இல்லை என்று சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்தலாம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். இன்றைக்கும் சென்னைக்குப் போனால் நம் பேச்சைக் கேட்டு "மலையாளியா?" என்கிறார்கள், திருவனந்தபுரத்துக்குப் போனால் "தமிழனா?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நமக்கு உரிமை உண்டு. அதனால் நாம் பாதிப் பாதியாக ஆகிவிடவில்லையே. என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள்; ஆனால் அப்புறம் தன் தோழியிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

கையில் இருப்பதைப் பத்திரமாக வையுங்கள்: குழந்தையைப் பற்றிய ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை, இல்லத்தில் எடுத்த படம், முதல் சட்டை. ஒரு பெட்டியில் போட்டு, அது அவனுடையது என்று சொல்லுங்கள். சாவி அவனிடம் இருக்கட்டும்.

பெற்றவர்களைத் தேட வழி உண்டா? தேடினால் எங்களை விட்டுப் போய்விடுவானா?

வழி உண்டு. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளின்படி 18 வயது முடிந்தவர் தானே காராவிடம் விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் தத்தெடுத்த பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். வேறு யாரும் அவனுக்காகத் தேட முடியாது. ஒப்படைத்த தாய் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவர் சம்மதித்தால்தான் வெளியிடுவார்கள். அவர் மறுத்தாலும், கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்வார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் போன்ற வழியில், பெயர் சொல்லாமல் விடப்பட்ட குழந்தை என்றால் பதிவே இருக்காது. அதற்கும் பிள்ளையைத் தயார்ப்படுத்துங்கள்.

தேடுவது உங்களை விட்டுப் போவதற்காக இல்லை. தேடும் பிள்ளையோடு பேருந்து ஏறிப் போகிற பெற்றோரை அது எப்படி விடும்?

அக்காவின் மகளை நாங்கள் வளர்க்கிறோம். பெற்றவளைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். சொல்லாமல் இருந்துவிடலாமா?

கூடாது. உறவுக்குள் எடுத்த பிள்ளைக்கு உண்மை ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும். இந்தப் பிள்ளையின் வலியும் வேறு மாதிரி. பெற்றவள் கண்முன்னே இருக்கிறாள். அவளோடு வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'அவர்களை வைத்துக்கொண்டு என்னை மட்டும் ஏன்' என்ற கேள்விக்கு உங்கள் அக்காதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி, ஒரே கதையைச் சொல்லுங்கள். கூப்பிடும் முறையை மாற்ற வேண்டாம். அதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

நான் 1990களில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் எடுத்து வளர்க்கப்பட்டவன். ஆவணத்தில் அப்பா பெயருக்கு எதிரே 'பாதுகாவலர்' என்று இருக்கிறது. அவர்கள் என்னை மகனாக நினைக்கவில்லையா?

தம்பி, அது அவர்கள் மனதில் இருந்த சொல் இல்லை, சட்டத்தில் இருந்த சொல். 1956ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியருக்கும் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் ஆகும் வழிதான் இருந்தது. 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2006இல் அதில் வந்த திருத்தமும்தான் எல்லா மதத்தவருக்கும் முழுமையாகத் தத்தெடுக்க வழி திறந்தன; 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கு முன்பு அந்தத் தாளில் 'தந்தை' என்று எழுத உங்கள் அப்பாவுக்கு வழியே இருந்திருக்காது. சொத்து விஷயத்துக்கு மட்டும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பாதுகாவலர் முறையில் வாரிசுரிமை தானாக வராது.

பிறந்தநாள் அன்று அழுகிறாள். நாங்கள் என்ன தவறு செய்தோம்?

எதுவும் இல்லை. பிறந்த நாள் என்பது பெற்றவளோடு இருந்த ஒரே நாளாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது காலையில் பாயசம், மாலையில் கேக். நடுவில், மதியத்துக்கு மேல் ஒரு மெழுகுவர்த்தியை மகள் தன் ஜன்னலில் ஏற்றிவைக்கிறாள். கல்லறையில் கேட்ட கேள்விக்கு அவளே கண்டுபிடித்த பதில் அது. அந்த நேரம் நாங்கள் அறைக்குள் போவதில்லை, அவள் கூப்பிட்டால் தவிர. போன வருடம் கூப்பிட்டாள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், சாவைப் பற்றிப் பேசினால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான எண் 1098. போகும்போது, தத்தெடுத்த பிள்ளை என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது தெரியாமல் அவரால் சரியாக உதவ முடியாது.

உங்களுக்காகவும் போகலாம். பிள்ளை பிறக்காத துக்கம், கருக்கலைந்த துக்கம் ஆறாமலே தத்தெடுத்தவர்கள் எங்களில் பாதிப்பேர். அது உள்ளே கிடந்தால் பிள்ளை அழும்போது நம்மால் பக்கத்தில் உட்கார முடியாது, நம் அழுகையும் சேர்ந்து வந்துவிடும். நான் 3 மாதம் ஓர் ஆலோசகரிடம் போனேன். திரும்பும் வழியில் தக்கலை பேருந்து நிலையத்தில் மகளுக்கு வேர்க்கடலை வாங்கிவருவேன். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.